உப்பளத்தில் ஒரு வகுப்பு

நெய்தற்றிணையை முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். உமணரும் அவர்தம் உப்பு வண்டிகளும் என் வகுப்பறையில் எத்தனையோ முறை வந்துபோயினர். ஆயினும், மன்னாரிலேயே வாழும் யான் உப்பளமொன்றில் இறங்கி நின்றது சென்ற சோளகக் காலத்திலேதான். என்னை அழைத்துச் சென்றவர் எங்கள் பாடசாலை இரசாயன ஆசிரியர். வயதில் என் மகனை ஒத்தவர்.

கரைதிறனையும் பளிங்காக்கத்தையும் அவர் கரும்பலகையில் எழுதுவார். மாணவர் நெட்டுருச் செய்வர். பரீட்சையில் வினாவைச் சற்றே மாற்றிக் கேட்டாலோ திகைத்து நிற்பர். "பிழை பிள்ளைகளிடமா, என்னிடமா, பண்டிதர் ஐயா?" என்று அவர் வருந்தியதுண்டு. அந்நிலையில் சேவைக்காலப் பயிற்சி ஒன்றுக்குச் சென்றுவந்தார். அங்கே ஆசிரியர்களையே மாணவராக இருத்தி, நிகழப்போவதை முன்னுரைக்கவும், நிகழ்வதை அவதானிக்கவும், பின்னர்க் காரணம் விளக்கவும் பழக்கினராம். அவுஸ்திரேலியக் கல்வியாளர் வைற், கன்ஸ்ரன் என்போர் 1992 இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்த முறை அது.

திரும்பியவர் புதிய கருவி எதனையும் கேட்டாரல்லர். "சொற்களுக்கு நீங்கள் வேண்டும் ஐயா" என்று என்னையும் சேர்த்துக்கொண்டு, வகுப்பை உப்பளத்துக்கு நடத்திச் சென்றார்.

பாத்தி ஓரத்தில் நின்று அவர் வினவினார்: "நீர் முழுவதையும் வற்றவிட்டால் உப்புக் கூடுமே, ஏன் இடையில் வடித்துவிடுகிறார்கள்?" விடை எழவில்லை. வகுப்பில் வாய்திறவாத மாணவி ஒருத்தி, அளத்தில் உழைக்கும் ஒருவரின் மகள், மெல்லச் சொன்னாள்: "கடைசித் தண்ணியை விட்டால் உப்புக் கைக்கும், சேர். மாரியிலே கசியும்."

அவ்விடையை அடியாகக் கொண்டே பாடம் வளர்ந்தது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுள் 27 கிராம் அளவே கறியுப்பாகிய சோடியங் குளோரைட்டு. நீர் வற்றவற்ற முதலிற் கல்சியங் காபனேற்றும், அடுத்துக் கல்சியஞ் சல்பேற்றும் படியும். நீர் பத்திலொரு பங்காகச் சுருங்கும்போது கறியுப்புப் பளிங்காகத் தொடங்கும். மகனீசிய உப்புக்கள் எஞ்சிய நீரிலே தங்கும். கைப்பும், காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்பும் அவற்றுக்குரியன. பாடசாலைக்கு மீண்டதும், வடித்தெடுத்த உப்பை ஒரு தட்டிலும், முற்றும் வற்றவைத்ததை மற்றொன்றிலும் வைத்து, எது கசியுமென முன்னுரைத்துக் காத்திருந்தனர். ஈரக்காற்று வீசிய நாளில் இரண்டாவது தட்டுக் கசிந்தது.

இரசாயனமும் தமிழும் அயலானவையல்ல. சுவாமி விபுலாநந்தர் 1916 ஆம் ஆண்டிலேயே விஞ்ஞான டிப்புளோமாவும் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதப் பட்டமும் பெற்றவர்; ஆசிரியப் பணியிலிருந்தவாறே கற்று 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். சென்னையில் 1936 இல் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. கற்பிப்போன் கற்போனாகவும் இருத்தல் வேண்டுமென்பதற்கு வேறு சான்று எதற்கு?

அன்று என்னிடம் சொற்கள் கேட்க அழைத்தவருக்கு யான் கொடுத்தவை சிலவே, பெற்றவை பல. "அளம்" என்ற சொல்லுக்கு இத்தனை காலமும் "உப்பு விளையுமிடம்" என்று பொருள் எழுதுவித்தேன். மறுவாரம் நெய்தற் பாடம் தொடங்கியபோது யான் பொருள் எழுதவில்லை.

"அளம் என்றால் என்ன பிள்ளை?" என்று அம்மாணவியைக் கேட்டுவிட்டு, முன்வரிசை வாங்கில் அமர்ந்துகொண்டேன்.