அமரும் உரிமை: கடைத் தொழிலாளர் சட்டமும் முதலாளியின் பொறுப்பும்

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பர் 6ஆம் நாள் ஒரு சிறிய சட்ட முன்வடிவு அறிமுகமாயிற்று. தொழிலாளர் நலத்துறை அமைச்சராயிருந்த சி.வெ. கணேசன் கொண்டுவந்த அம்முன்வடிவு, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் ஒரே ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர் அனைவருக்கும் தக்க இருக்கை வசதி இருத்தல் வேண்டும். பணியினிடையே அமரும் வாய்ப்பு நேரும்போது அவர்கள் அதனைப் பயன்படுத்திக்கொள்ள இயல வேண்டும். வேலை நேரம் முழுவதும் கால்கடுக்க நிற்கும் நிலை ஒழிய வேண்டும் என்பதே அப்பிரிவின் சாரம். அதே மாதத்தில் அது நிறைவேறியது. ஒருவர் உட்காருவதற்கும் சட்டம் வேண்டுமா என்று அப்போது கேட்டோர் பலர். கடைத்தெருவை அறிந்தோர் அவ்வாறு கேட்கவில்லை.

பல்லாவரத்திலிருந்து குரோம்பேட்டை வழியாகத் தாம்பரம் வரை செல்லும் பெருஞ்சாலையின் இருமருங்கிலும் இன்று ஜவுளிக்கடைகள், நகைக்கடைகள், பாத்திரக்கடைகள், பேரங்காடிகள் எனப் பல மாடிக் கட்டடங்கள் நிறைந்துள்ளன. அவற்றில் துணி விரித்துக் காட்டுவோரும் நகை எடுத்துக் கொடுப்போரும் பெரும்பாலும் இளம் பெண்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்போர் ஒரு சாரார். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் போன்ற சுற்றுப்புறங்களில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்து பேருந்திலும் பங்கு ஆட்டோவிலும் வந்துபோவோர் மற்றொரு சாரார். சட்டப்படி நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்பதே இவர்களின் வேலையளவு. நான்கு மணி நேரத்திற்கொருமுறை ஒரு மணி நேர இடைவேளையும் உண்டு. பண்டிகைக் காலத்தில் இந்தக் கணக்கு என்னவாகும் என்பதைக் கடைக்குச் செல்வோர் யாவரும் அறிவர். 2010இல் வெளிவந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் இவ்வுலகைத் தமிழர்தம் கண்முன் நிறுத்தியது. நெடுநேரம் நிற்பதால் காலில் இரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்ளுதல், இடுப்புவலி, பாதவீக்கம் ஆகியவை இத்தொழிலின் நிழல்போல் உடன்வருவன. கழிப்பறைக்குச் செல்ல மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டியிருப்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, அதனால் சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகும் பெண்களும் உண்டு.

இங்கு ஒன்றை நினைவுகூர்தல் தகும். நிற்பது ஜவுளி வணிகத்தின் பழைய மரபன்று. நம் ஊர்க் கடைவீதிகளில் பழைய ஜவுளிக்கடை என்றால் வெள்ளைத் துணி போர்த்திய மெத்தை விரிப்புதான். வாங்க வந்தவர் ஒருபுறம் அமர்வார். விற்பவர் எதிரே அமர்ந்து ஒவ்வொன்றாக மடிப்பைப் பிரித்துப் போடுவார். முதலாளி கல்லாப்பெட்டியின் முன் அதே தரையில்தான் இருப்பார். கண்ணாடி மேசையும் மின்தூக்கியும் குளிர்சாதனமும் வந்தபோது மெத்தை மறைந்தது. வாடிக்கையாளருக்கு நாற்காலி வந்தது. கல்லாவில் இருப்பவருக்குச் சுழல்நாற்காலி வந்தது. விற்பவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அமர்ந்திருப்பவர் யார், நிற்பவர் யார் என்பதே அதன்பின் கடைக்குள் தகுதியைக் காட்டும் அடையாளமாகிவிட்டது.

இச்சாலையிலேயே இன்னொரு முரணும் உண்டு. குரோம்பேட்டை என்னும் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. பல்லாவரம், பம்மல், நாகல்கேணிப் பகுதிகளின் தோல் பதனிடும் தொழிலில் முஸ்லிம் வணிகர்க்கு இருந்த பங்கு நம் வாசகர் அறியாததன்று. அத்தகைய தொழிற்சாலைகளுக்குப் பொருந்திய 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்ய வேண்டிய தொழிலாளர் கிடைக்கும் வேளையில் இளைப்பாறுவதற்கு இருக்கைகள் அமைக்குமாறு தன் 44ஆம் பிரிவில் கட்டளையிட்டது. ஆகவே, ஆலைத் தொழிலாளிக்கு விடுதலைக்கு அடுத்த ஆண்டே ஏட்டளவில் கிடைத்துவிட்ட இருக்கை, சாலையோரக் கடையில் நின்ற பெண்ணுக்குக் கிடைக்க எழுபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. ஆலையில் சங்கம் இருந்தது, கடையில் இல்லை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. (அந்தத் தொழிற்சாலைகள் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பினுள் அடங்கிவிட்டது. இருக்கை பற்றிய விதி அதிலும் தொடர்கிறது. எனினும் அத்தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களையே தழுவுவதால், சிறுகடைகளின் பணியாளருக்கு மாநிலச் சட்டமே துணை.)

உலகில் இக்கோரிக்கை புதியதன்று. பிரிட்டனில் 1899ஆம் ஆண்டிலேயே கடை உதவியாளர்க்கு இருக்கை அளிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. மூன்று பெண் பணியாளர்க்கு ஓர் இருக்கை என்பது அதன் அளவு. ஆண்களுக்கு அது பொருந்தாது. அக்காலத்தில் கடைப்பெண்களின் நிலையை ஆராய்ந்து எழுதியோருள் ஒருவர் மார்கரெட் பாண்ட்ஃபீல்டு. பதினான்காம் வயதில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த அவர், 1929இல் பிரிட்டிஷ் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணாக, தொழிலாளர் துறை அமைச்சரானார்.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் இவ்வுரிமை போராடியே பெறப்பட்டது. கோழிக்கோட்டில் தையல் தொழில் செய்துவந்த விஜி என்பவர் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பை உருவாக்கி, மிட்டாய்த் தெருக் கடைகளில் பணிபுரியும் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினார். 2014 டிசம்பரில் திருச்சூரில் ஒரு புடவைக் கடையின் பெண் ஊழியர் ஆறு பேர், உட்கார உரிமை கேட்டு நடத்திய மறியல் நூறு நாட்களைக் கடந்தது. அவர்கள் கேட்டது அன்று சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். 2018 அக்டோபரில் கேரள அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து இருக்கையைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் இத்தகைய நெடும் போராட்டம் நிகழவில்லை. 2019 செப்டம்பரில் கூடிய மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு இக்கருத்தை ஒருமனதாக ஏற்றது. அதன் வழியே சட்டம் வந்தது. எளிதில் வந்த உரிமை என்பதால் அதனை அறியாதோரும் இங்கு மிகுதி எனலாம்.

இனி, சட்டத்தின் சொற்களைச் சற்றே நுணுகி நோக்குவோம். இருக்கை இருத்தல் வேண்டும் என்று அது ஆணையிடுகிறது. அமரும் வாய்ப்பைப் பற்றியோ, ‘நேரும்போது’ என்றளவில் நிறுத்திக்கொள்கிறது. அவ்வாய்ப்பு நேர்ந்ததா இல்லையா என்று முடிவு செய்பவர் யார்? தளத்தின் மேற்பார்வையாளரே. உலகத் தொழிலாளர் அமைப்பு வணிக நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்குமாக 1964இல் வகுத்த 120ஆம் உடன்படிக்கை, போதிய இருக்கைகள் தருவதோடு அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பும் தொழிலாளர்க்கு அளிக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. தானாக நேரும் வாய்ப்புக்கும் பிறர் அளித்தாக வேண்டிய வாய்ப்புக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முன்னதில் ஆய்வாளர் வந்து முக்காலிகளை எண்ணிவிட்டுப் போகலாம். அவற்றின்மேல் துணிக்கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தாலும் சட்டம் நிறைவேறியதாகவே கணக்காகும். இந்த இடைவெளியைச் சட்டத்தால் முழுவதும் அடைக்க இயலாது. இங்குதான் முதலாளியின் தலைமைப் பண்பு தொடங்குகிறது.

உட்காரவிடாமைக்குச் செலவு காரணமாயிருக்க முடியாது. ஒரு முக்காலியின் விலை, அக்கடையில் விற்கும் ஒரு பட்டுப்புடவையின் விலைக்கு அருகிலும் வராது. உண்மையான தடை, உட்கார்ந்திருப்பவர் சும்மாயிருக்கிறார், சும்மாயிருப்பவர் கூலியைத் திருடுகிறார் என்னும் எண்ணமே. இவ்வெண்ணத்தை இஸ்லாமியச் சட்டவியலின் கண்கொண்டு பார்த்தால் அது நிற்காது. கூலி ஒப்பந்தமாகிய இஜாராவில் ஃபிக்ஹு அறிஞர்கள் இருவகைத் தொழிலாளரைப் பிரித்துரைப்பர். குறித்த வேலையை முடித்துத் தந்து கூலி பெறுபவர் ‘அஜீர் முஷ்தரக்’. தையற்காரரும் சாயமிடுபவரும் இவ்வகையினர். குறித்த காலத்திற்கு ஒருவரிடம் மட்டும் பணிபுரிபவர் ‘அஜீர் காஸ்’. பின்னவர் அக்காலத்தில் பணிக்கு ஆயத்தமாக இருந்தாலே கூலிக்கு உரியவராவார். வேலை வந்து அவர் அதைச் செய்து முடித்திருத்தல் நிபந்தனையன்று. ஹனஃபி மத்ஹபை அடியொற்றி உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பு இதனைத் தெளிவாகவே வகுத்துள்ளது. மாதச் சம்பளத்திற்குக் கடையில் நிற்பவர் இவ்வகையினரே. வாடிக்கையாளர் வராத அரைமணி நேரத்திற்கும் அவர் உரிய கூலியை ஈட்டிவிட்டார். அந்த அரைமணியை அவர் நின்று கழித்தாலும் அமர்ந்து கழித்தாலும் முதலாளியின் உடைமையில் ஒரு காசும் குறைவதில்லை. தொழுகையில் வரிசையின் நேர்மையைக் காக்கும் நம் வணிகப் பெருமக்கள் இதனைக் கடைத்தளத்திலும் எண்ணிப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை எளியவை. இருக்கை கண்ணாடி மேசையின் பின்புறம், பணியாளர் நிற்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். மாடிப்படியின் கீழோ சேமிப்பறையிலோ கிடந்தால் பயனில்லை. வாடிக்கையாளர் இல்லாதபோது அமரலாம் என்பதை முதலாளி தம் வாயால் மேற்பார்வையாளர் முன்னிலையில் கூற வேண்டும். எழுதி ஒட்டினால் இன்னும் நன்று. கூட்டம் ஓயாத நாட்களில் முறைவைத்து ஒவ்வொருவராக அமரச் செய்யலாம். கண்காணிப்புப் படக்கருவியில் ஒருவர் அமர்ந்திருப்பதைக் கண்டு மேலாளர் கீழே ஆளனுப்பும் வழக்கத்தை நிறுத்துவதும் முதலாளி ஒருவரால் மட்டுமே முடியும். வாங்கச் செல்லும் நமக்கும் இதில் பங்குண்டு. நம்மைக் கண்டதும் விற்பனைப் பெண் துள்ளியெழ வேண்டும் என எதிர்பார்ப்பவர் நாமே. ஜெர்மனியின் ஆல்டி பேரங்காடிகளில் காசாளர் அமர்ந்தபடியே பணம் பெறுகிறார். அதனால் அங்கு எவரும் அவமதிக்கப்பட்டதாக எண்ணுவதில்லை.

இவ்விருக்கையால் கடைக்குள் நுழைய இயல்வோர் வேறு சிலரும் உளர். இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்டவர், விபத்தில் ஒரு காலை இழந்தவர், கருவுற்ற பெண், முதுமையை நெருங்கும் பணியாளர் ஆகியோர் நின்றாக வேண்டிய வேலையிலிருந்து கேளாமலே விலக்கப்படுகின்றனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களையே கட்டுப்படுத்துகிறது. தனியார் கடைக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அடுத்த பிரிவு, சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து வெளியிடுமாறு எல்லா நிறுவனங்களையும் பணிக்கிறது. இருபது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் தனியார் நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த பணியிடங்களின் பட்டியலையும் அக்கொள்கையில் தர வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் விதி. பெருஞ்சாலையின் பல மாடிக் கடைகள் யாவும் இவ்வெண்ணிக்கைக்குள் அடங்கும். இன்று அத்தகைய பட்டியலை ஒரு ஜவுளிக்கடை எழுதினால் அதில் கல்லாவும் கணக்கெழுதுதலும் தவிர வேறொன்றும் இராது. கண்ணாடி மேசையின் பின்னே ஓர் இருக்கை வந்து, அதில் அமர்ந்தபடி விற்க அனுமதியும் கிடைத்துவிட்டால், சேலைப் பிரிவும் சட்டைத்துணிப் பிரிவும் நகைப் பிரிவும் அப்பட்டியலில் சேரும்.