கணினித் துறைகளும் கையடக்கச் சேமகங்களும்

மனிதனுக்கு ஐம்பொறிகள் எவ்வாறோ, கணினிக்குப் புறக்கருவிகளும் அவ்வாறே. சாவிப்பலகையுஞ் சுட்டியும் இன்றேல் அதற்கு ஒன்றைச் சொல்லல் இயலாது. திரையும் அச்சுப்பொறியும் இன்றேல் அது சொல்வதை அறிதல் இயலாது. இக்கருவிகள் வந்து பொருந்தும் வாயிலை நம் பாடநூல்கள் துறை என வழங்குகின்றன. மரக்கலம் அணையும் இடத்தின் பெயரை இதற்கு இட்டவர் பாராட்டுக்குரியர்.

1990 களின் நடுப்பகுதி வரை ஒவ்வொரு கலத்துக்கும் ஒவ்வொரு துறை வேண்டியிருந்தது. அச்சுப்பொறிக்கு இருபத்தைந்து துளைகள் கொண்ட அகன்ற வாயில், சாவிப்பலகைக்குச் சிறு வட்டம், மோடத்துக்கு வேறொன்று. புதுக்கருவியொன்றை இணைப்பதாயின், கணினியை நிறுத்திப் பின் மீள இயக்கல் வேண்டும். இத்தொல்லையைத் தீர்க்க இன்ரெல், கொம்பாக், டிஜிற்றல், ஐ.பி.எம்., மைக்கிறோசொவ்ற், என்.ஈ.சி., நோர்ட்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்த பொதுமுறையே 1996 ஜனவரியில் வெளிவந்த யூ.எஸ்.பி. ஆகும். இன்ரெல் நிறுவனத்தில் இம்முயற்சியை முன்னின்று நடத்தியவர், பரோடாவிற் பொறியியல் கற்ற அஜய் பட் என்பவர். ஆயினும் 1998 இல் அப்பிள் நிறுவனம் தன் ஐமாக் கணினியிற் பழைய துறைகளை நீக்கி இதனை வைத்த பின்னரே, கருவி செய்வோர் பலர் இதனை நாடலாயினர்.

பழைய அச்சுப்பொறித் துறையில் எட்டுக் கம்பிகளில் எட்டுப் பிற்றுகள் ஒருங்கே சென்றன. யூ.எஸ்.பி. யிலோ அவை ஒன்றன்பின் ஒன்றாகவே செல்கின்றன. பின் எவ்வாறு இது விரைவுடையதாகும் என மாணவர் வினவலாம். ஓட்டப்போட்டியில் எண்மரும் ஒரே கணத்தில் எல்லைக்கோட்டைத் தொடல் வேண்டும் என விதித்துப் பாருங்கள். மெதுவாக ஓடுபவனுக்காக ஏனையோர் தாமதிக்க நேரும். அதுபோலவே, வேகம் ஏற ஏற, கம்பிகளுக்கிடையேயுள்ள சிறு வேறுபாடும் பிற்றுகளை முன்பின்னாக வந்தடையச் செய்யும். தனியே ஓடுபவனுக்கு இத்தடை இல்லை. மேலும், ஒரே செய்தியை இரு கம்பிகளில், ஒன்றில் ஏறுமுகமாகவும் மற்றதில் இறங்குமுகமாகவும் அனுப்பி, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டையே கணினி வாசிக்கின்றது. வெளியிலிருந்து புகும் மின்னிரைச்சல் இரு கம்பிகளையும் ஒப்பவே தாக்குமாதலின், வேறுபாட்டை எடுக்குங்கால் அது கழிந்துபோம். கணிதத்திற் கழித்தலின் பயனை ஐயுறுவோர்க்கு இஃதொன்றே போதும்!

நீள்சதுரமான பழைய யூ.எஸ்.பி. செருகியுள் நோக்கின், நான்கு உலோகத் தகடுகளில் ஓரத்திலுள்ள இரண்டும் நீண்டிருக்கக் காணலாம். அவை மின்வலுவுக்குரியன. செருகும்போது மின் முதலிற் சேர, தரவு பின்னர்ச் சேரும்; கழற்றும்போது தரவே முன்னர் விலகும். கணினியை நிறுத்தாது மாட்டவுங் கழற்றவும் இவ்வமைப்பு துணைசெய்கின்றது.

முதலிற் செக்கனுக்கு 120 இலட்சம் பிற்றுகளே இதன் உச்ச வேகம். 2000 இல் அது 48 கோடியாகவும், 2008 இல் 500 கோடியாகவும் உயர்ந்தது. ஒரு கிகாபைற்றுத் தரவை அனுப்ப, ஏட்டுக்கணக்கின்படி முதலாவதற்குப் பதினொரு நிமிடம், இரண்டாவதற்குப் பதினேழு செக்கன், மூன்றாவதற்கு இரண்டு செக்கன் அளவு செல்லும். 2014 இல் வந்த சீ வகைச் செருகி எப்புறமாகவும் பொருந்தும். 2024 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற் புதிதாக விற்கப்படும் கைபேசிகளுக்கு இதுவே விதிக்கப்பட்டுள்ளது. ஆனால் வடிவம் ஒன்றாயினமையால் வேகமும் ஒன்றென எண்ணலாகாது. சீ வகைக் கம்பிகளிற் சில, 2000 ஆம் ஆண்டின் வேகத்துக்கு மேற் செல்லா. வாங்குவோர் உறையிலுள்ள எண்ணைப் படித்தே வாங்குதல் வேண்டும்.

இனிச் சேமகங்களை நோக்குவோம். 1956 இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்றட்டுச் சேமகம், 24 அங்குல விட்டமுடைய ஐம்பது தட்டுகள் கொண்டது, பாரந்தூக்கியின்றி அசைக்கவொண்ணாதது. அது கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. 2000 இல் விரலளவான பென்டிறைவு 8 மெகாபைற்றுக் கொள்ளளவுடன் விற்பனைக்கு வந்தது. ரொஷிபா நிறுவனத்தின் புஜியோ மசுவோக்கா 1984 இல் அறிவித்த பிளாஷ் நினைவகமே அதன் உயிர். காவலிப் பொருளாற் சூழப்பட்ட நுண்ணறைகளில் இலத்திரன்களைச் சிறைவைத்தலே அதன் எழுத்து முறை. எழுதி அழிக்குந்தோறும் அக்காவலி சிறிது தேயும். மின்னேறாது ஆண்டுக்கணக்கிற் கிடப்பின், சிறையிலுள்ள இலத்திரன்கள் மெல்லக் கசிந்து வெளியேறும். வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்தும். நம் நாட்டு வெயில் அதற்கு நட்பன்று.

கல்லூரிக் கால நிழற்படங்களையும் மறைந்த பெற்றோரின் குரலையும் ஒரேயொரு பென்டிறைவில் இட்டு, அலுமாரியிற் பூட்டி அமைதியடைந்திருப்போர் நம்மிற் பலர். துறையின் வேகம் பன்மடங்காயிற்று. சேமகத்தின் ஆயுளோ அவ்வாறு வளர்ந்திலது. சுழலுந் தட்டுடைய புற வன்றட்டு நெடுநாட் கிடப்பினுந் தரவைக் காக்க வல்லது. ஆயின் கைதவறி விழுந்தால் வாசிக்குந் தலை தட்டை உரசி அழித்துவிடலாம். நம் முன்னோர் ஏடு செல்லரிக்குமுன் அதனைப் பெயர்த்தெழுதியதாலன்றோ பழைய நூல்கள் எஞ்சின! அதே தொழிலை நாமுஞ் செய்தல் வேண்டும். இருவகைச் சேமகங்களிற் படியெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைத்து, சில ஆண்டுகளுக்கொருமுறை திறந்து பார்த்துப் புதியதிற் பெயர்த்தல் தகும். மேசை இழுப்பறைகளில் இன்னும் 1.44 மெகாபைற்று நெகிழ்தட்டுகளை வைத்திருக்கும் பழைய மாணவர், அவற்றை வாசிக்கும் அமைப்பு இன்றைய கணினிகளில் இல்லாமையால், யூ.எஸ்.பி. துறையிற் பொருந்தும் நெகிழ்தட்டுச் செலுத்தியொன்றை இரவலாயினும் பெற்று, இவ்விடுமுறையிலேயே அப்பணியைத் தொடங்கலாம்.