பந்து உதைத்தால் சோறு போடுமா? கடலூர் இந்துமதியைப் பாருங்கள்!

விழுப்புரம் ஜங்ஷனில் கடலூர் ரெயிலுக்குக் காத்து நிற்கும் பயணிகளே! அந்த ரெயில் போய்ச் சேரும் ஊரில் பிறந்த ஒரு பெண், இந்தியக் கால்பந்து அணிக்காக வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் ஆடியவர். கோப்பை ஆட்டத்தில் கோல் போட்டவர். அதே பெண்தான் காக்கிச் சட்டை போட்டு ரோட்டில் நின்ற போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரும்!

பெயர்: இந்துமதி கதிரேசன்.

"கடலூர்க்காரப் பெண், நமக்கென்ன?" என்று விழுப்புரத்துக்காரரோ திண்டிவனத்துக்காரரோ சொல்ல முடியாது. மூன்று ஊரும் ஒரே தென்ஆற்காடு மாவட்டமாக இருந்தவைதான். 1993-ல் பாகப்பிரிவினை நடந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1994-ல் பிறந்தவர் இந்துமதி. மாவட்டம் இரண்டானாலும் மண் ஒன்றுதானே!

கண்டக்டர் வேலை

இந்துமதி ஆடுவது 'மிட்பீல்டர்' என்ற இடத்தில். அதாவது, மைதானத்தின் நடுவில்.

அது என்ன அவ்வளவு கஷ்டமா என்று கேட்காதீர்கள். கூட்டம் பிதுங்கும் திண்டிவனம் பஸ்சில் கண்டக்டரைப் பார்த்திருப்பீர்கள். முன் படிக்கும் பின் படிக்குமாக அலைந்துகொண்டே இருப்பார். உட்கார நேரம் கிடையாது. அவர் விசில் அடிக்காமல் வண்டி நகராது. மிட்பீல்டர் வேலையும் அதுதான். எதிரணி தாக்க வந்தால் பின்னால் ஓடிப்போய்த் தடுக்க வேண்டும். பந்து கிடைத்தால் முன்னால் இருப்பவருக்கு அளந்து கொடுக்க வேண்டும். சமயம் வாய்த்தால் தானே கோலும் அடிக்க வேண்டும். 90 நிமிஷம் நெஞ்சுத் தெம்பு வேண்டும்!

கோல் மேல் கோல்

2017 ஜனவரி. தெற்காசிய நாடுகளின் பெண்கள் கோப்பைக்கான இறுதி ஆட்டம் சிலிகுரியில் நடந்தது. வங்காளதேசத்தை இந்தியா 3-1 என்று வென்றது. இந்தியாவின் மூன்றாவது கோலைப் போட்டவர் நம்ம இந்துமதி.

2018 பிப்ரவரி. மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி, கட்டாக் நகரில். பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர்தான் என்று இருந்த காலம் அது. இறுதி ஆட்டத்தில் அதே மணிப்பூரை 2-1 என்று சாய்த்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டுப் பெண்கள் அந்தக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் தடவை. அந்த இரண்டு கோலில் ஒன்று இந்துமதியுடையது.

2019 மார்ச். நேபாளத்தில் விராட்நகர் நகரம். தெற்காசியக் கோப்பையின் அரை இறுதியில் வங்காளதேசத்துக்கு எதிராக இந்தியா போட்ட 4 கோலில் 2 கோல் அவர் காலில் இருந்து வந்தது. கோப்பையும் இந்தியாவுக்கே வந்தது.

அதே ஆண்டு மே மாதம், இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டின் சேது எப்.சி. வென்றது. லூதியானாவில் நடந்த அந்தப் போட்டியிலும் இந்துமதி சேது அணியில் இருந்தார்.

சரி, சோறு?

"அதெல்லாம் சரிதாங்க, பொட்டப் புள்ள பந்து உதைச்சா சோறு போடுமா?" பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

ஆண்களுக்கு லட்சங்களில் ஒப்பந்தம் பேசும் கிளப்புகள் உண்டு. பெண்களுக்கு அகில இந்திய லீக் பிறந்ததே 2017-ல்தான். அதுவும் தொடக்கத்தில் எல்லா அணியையும் ஒரே ஊரில் கூட்டி, சில வாரங்களில் முடித்துவிடுவார்கள். மீதி மாதங்களுக்கு என்ன செய்வது?

2023-ல்தான் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஓர் அறிவிப்பு செய்தது. லீக்கில் ஆடும் முன்னணி கிளப்புகள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் தர வேண்டும் என்றது. மாதக் கணக்குப் போட்டால் 26 ஆயிரத்துச் சொச்சம். உச்சத்தில் ஆடுபவருக்கே கணக்கு இதுதான்!

ஆகவே இந்துமதியின் கால்பந்து வாழ்க்கைக்கு அடித்தளமாக நின்றது போலீஸ் உத்தியோகம். கால் ஒரு நாள் ஓய்ந்துவிடும். மாதம் பிறந்தால் சம்பளம் ஓயாது.

ரோட்டில் ஒரு ஆட்டம்

ஆனால் உத்தியோகம் சும்மா வருமா? 2020-ல் கொரோனா வந்தது. மைதானங்களுக்குப் பூட்டு. மற்ற வீராங்கனைகள் வீட்டுக்குள் இருந்தபோது, சென்னை அண்ணாநகர் பகுதியில் சப்-இன்ஸ்பெக்டராக ரோட்டில் டியூட்டி பார்த்தார் இந்துமதி.

விதியின் விளையாட்டைக் கேளுங்கள். 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. இந்துமதியும் அணியில் இடம் பிடித்தார். முதல் ஆட்டம் ஈரானுடன், கோல் இல்லாமல் சமன். அடுத்த ஆட்டத்துக்குள் அணியில் பலருக்குக் கொரோனா! இறங்க ஆள் போதவில்லை. போட்டியை விட்டே இந்தியா வெளியேற வேண்டியதாயிற்று. எந்த நோயைத் தடுக்க ரோட்டில் நின்றாரோ, அதே நோய் சொந்த நாட்டில் ஆடும் வாய்ப்பைப் பறித்தது.

அத்தோடு பந்தை ஓரம் கட்டவில்லை அவர். 2023 ஜூனில் அமிர்தசரசில் அரியானாவை வென்று தமிழ்நாடு மறுபடியும் தேசியக் கோப்பையைத் தூக்கியபோது, அந்த அணியிலும் இருந்தார்.

அப்பா அம்மா கவனத்துக்கு

மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வில் 10 சதவீதம். ஆனால் இரண்டு விஷயம் முக்கியம்.

ஒன்று, சான்றிதழ். தெருவில் ஆடிய ஆட்டத்துக்கு மதிப்பு இல்லை. அங்கீகாரம் பெற்ற போட்டியில் ஆடிய சான்றிதழ்தான் செல்லும். அதைப் பத்திரப் பதிவுக் கடிதம் மாதிரி பெட்டியில் வையுங்கள்.

இரண்டு, படிப்பு. சப்-இன்ஸ்பெக்டர் ஆக டிகிரி வேண்டும். "நல்லா ஆடுறாளே" என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். "படிப்புதான் முக்கியம்" என்று பந்தைப் பிடுங்கினாலும் அதே கதைதான்!

விழுப்புரத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. எங்கே சேர்க்கலாம், என்ன போட்டி வருகிறது என்று விசாரிக்கக் காசு கேட்க மாட்டார்கள். திண்டிவனத்தில் இருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம்.

கடலூரில் ஒரு பெண்ணுக்கு முடிந்தது, விழுப்புரத்தில், திண்டிவனத்தில் ஏன் முடியாது? நாளைக்குச் சாயங்காலம் உங்கள் வீட்டுப் பெண் பந்தோடு கிளம்பினால், "எங்கடி போற?" என்று அதட்டாதீர்கள். "எந்த டீம்ல ஆடுற?" என்று கேட்டுப் பாருங்கள்!