வாயைப் பார்த்து வாங்க வேண்டிய லென்ஸ்

பௌர்ணமி இரவில் மொட்டைமாடிக்குப் போய்ச் செல்போனில் நிலாவைப் படம் பிடித்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஒரு வெள்ளைப் பொட்டுதான். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த நிலா, படத்தில் ஏன் சுருங்கிப்போகிறது? விடை ஒரு வகுத்தல் கணக்கில் இருக்கிறது. நிலாவின் விட்டம் 3,474 கி.மீ. அது இருக்கும் தொலைவு சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவை விட்டத்தால் வகுத்தால் ஏறக்குறைய 110 வரும். எந்த லென்ஸானாலும் சரி, அதன் குவியத் தூரத்தை இந்த 110-ஆல் வகுத்தால், உள்ளே விழும் நிலா உருவத்தின் அகலம் கிடைத்துவிடும். செல்போனின் முதன்மை லென்ஸுக்கு உண்மையான குவியத் தூரம் 6 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதில் நிலா 0.05 மி.மீ. புள்ளி. 300 மி.மீ. லென்ஸில் அதே நிலா 2.7 மி.மீ.

சிறிய மிரர்லெஸ் கேமரா வாங்கி, கூடவே வந்த கிட் லென்ஸில் சில மாதம் படம் எடுத்துப் பழகியவர்கள் அடுத்து வந்து நிற்பது இந்த இடத்தில்தான். தொலைவில் இருப்பதைக் கிட்டே கொண்டுவர ஒரு டெலி ஜூம் வேண்டும். எதை வாங்குவது? கடையில் காதில் விழுவதெல்லாம் 150, 300, 400 என்று மில்லிமீட்டர் கணக்கு. அந்த எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மீதிப் பாதி, ஒளியை உள்ளே விடும் லென்ஸின் வாயில் இருக்கிறது.

சென்சார் பெரிதாக்குவதில்லை

ஒலிம்பஸும் பானசோனிக்கும் சேர்ந்து 2008-இல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற கேமரா முறையை அறிவித்தன. எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டு, 17.3 மி.மீ. அகலமும் 13 மி.மீ. உயரமும் கொண்ட சென்சாரைச் சுற்றி உடலைச் சுருக்கினார்கள். 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரோடு ஒப்பிட்டால் மூலைவிட்டத்தில் இது பாதி. அதனால்தான் இந்தக் கேமராவில் மாட்டிய 300 மி.மீ. லென்ஸை ‘600-க்குச் சமம்’ என்று சொல்லி விற்கிறார்கள்.

இந்த இரட்டிப்பு எங்கிருந்து வருகிறது? லென்ஸுக்குத் தன் பின்னால் எந்தச் சென்சார் இருக்கிறதென்று தெரியாது. சிறிய சென்சாரிலும் பெரிய சென்சாரிலும் அது வரைவது அதே 2.7 மி.மீ. நிலாவைத்தான். பெரிய சென்சாரின் உயரத்தில் அது ஒன்பதில் ஒரு பங்கு, சிறியதில் ஐந்தில் ஒரு பங்கு. சிறிய சென்சார் ஓரங்களை வெட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வெட்டில் உண்மையான ஆதாயமும் உண்டு. 20 மெகாபிக்சல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 3.3 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் 6 மைக்ரான். ஆகவே நிலாவின் குறுக்கே முன்னதில் 800 பிக்சல் விழும், பின்னதில் 450 விழும். பிக்சல் நெருக்கமாக இருப்பதுதான் நமக்கு லாபம்.

12 செ.மீ. குழலுக்குள் 300 மி.மீ.

ஒலிம்பஸ் பெயரில் வந்த 75-300 மி.மீ. ஜூமைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடை 423 கிராம். மடக்கி வைத்தால் நீளம் 12 செ.மீ.க்கும் குறைவு. 300-க்கு நீட்டினாலும் அது 300 மி.மீ. நீளத்தை எட்டுவதில்லை. ஒற்றைக் குவிலென்ஸாக இருந்தால் உருவம் விழுவதற்குப் பின்னால் முழுசாக 30 செ.மீ. இடம் விட்டாக வேண்டும்.

இங்கே நடப்பது அழகான ஓர் ஏற்பாடு. முன்னால் இருக்கும் குவிலென்ஸ் தொகுதி ஒளியை வேகமாகக் கூட்டுகிறது. அது ஒரு புள்ளியில் கூடுவதற்கு முன்பே, பின்னால் இருக்கும் குழிலென்ஸ் தொகுதி கதிர்களைச் சற்று விரித்துச் சரிவைக் குறைக்கிறது. சென்சாரில் வந்து விழும்போது அந்தக் கதிர்கள் நீண்ட தொலைவிலிருந்து வந்தவைபோல நடந்துகொள்கின்றன. இப்படிக் குவிலென்ஸையும் குழிலென்ஸையும் இணைத்துப் பெரிய உருவம் பெறலாம் என்று கெப்லர் 1611-இல் எழுதிவிட்டார். புகைப்படக் கலைக்கு அது வந்து சேர்ந்தது 1891-இல். இங்கிலாந்தில் டால்மேயரும் ஜெர்மனியில் மீத்தேயும் தனித்தனியே டெலிபோட்டோ லென்ஸை உருவாக்கினார்கள். ஜூமில் இந்தத் தொகுதிகள் ஒன்றோடொன்று இடைவெளி மாறி நகர்கின்றன. நாம் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே நடப்பது அதுதான்.

குவியத் தூரம் கூடக் கூட ஒரு தொல்லையும் கூடுகிறது. கண்ணாடி சிவப்பையும் நீலத்தையும் ஒரே அளவில் வளைப்பதில்லை. இரண்டும் வெவ்வேறு இடத்தில் குவிவதால் வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் ஊதா நிறக் கோடு ஒன்று ஓடும். நிறப்பிரிகை குறைந்த கண்ணாடிகளைச் சேர்த்து இதைக் கட்டுப்படுத்துகிறார்கள். கேனான் 1969-இல் ஃபுளோரைட் படிகத்தையே லென்ஸில் வைத்தது. பெட்டியின் மேல் ‘இ.டி.’ என்று அச்சிட்டிருந்தால், அது இத்தகைய கண்ணாடி உள்ளே இருப்பதற்கான குறி. டெலி லென்ஸில் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

வாயின் அகலம்

லென்ஸின் மேல் எஃப்/4, எஃப்/6.7 என்று ஓர் எண் இருக்கும். குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் லென்ஸின் வாய் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். 300-ஐ 6.7-ஆல் வகுத்தால் 45 மி.மீ. அதே நிறுவனத்தின் 300 மி.மீ. எஃப்/4 லென்ஸுக்கு 75 மி.மீ. இரண்டாவதன் வாய்ப் பரப்பு முதலாவதைப்போல 2.8 மடங்கு. ட்ரைபாட் வளையத்தைக் கழற்றிவிட்டு நிறுத்தால் அதன் எடை 1,270 கிராம், அதாவது மூன்று மடங்கு. வாய் அகன்ற அளவுக்கு எடை ஏறியிருக்கிறது. கேமராவிலிருந்து கண்ணாடியை எடுத்து உடலைச் சுருக்க முடிந்தது. டெலி லென்ஸின் வாயைச் சுருக்க வழியில்லை, சுருக்கினால் ஒளி குறையும்.

ஒளியோடு இன்னொன்றும் குறையும். ஒளி அலையாக இருப்பதால் எந்தத் துளை வழியாக நுழைந்தாலும் ஓரத்தில் சற்றே விரிகிறது. இதுதான் விளிம்பு விளைவு. எவ்வளவு பழுதற்ற லென்ஸிலும் ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் சிறு வட்டமாகவே விழும் என்று வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1835-இல் கணக்கிட்டுக் காட்டினார். 45 மி.மீ. வாயால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய கோணம் 3 விநாடி. அதாவது ஒரு டிகிரியில் 1,200-இல் ஒரு பங்கு. நிலாவில் அது ஏறக்குறைய 6 கி.மீ. வெறுங்கண் அங்கே பிரித்தறிவது 110 கி.மீ. அளவுள்ளவற்றைத்தான்.

கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டபோது அவருடைய தொலைநோக்கி பயன்படுத்திய திறப்பு இந்த 45 மி.மீ.யைவிடக் குறுகியது. இன்று இந்த ஜூமை ட்ரைபாடில் பொருத்தி, வியாழனை நோக்கி அரை நொடி திறந்து வைத்தால், அதே நான்கு நிலவுகளும் ஒரே கோட்டில் வரிசையாகப் பதிகின்றன. அரைக் கிலோவுக்கும் குறைந்த ஒரு பொருளுக்கு இது சாதாரணத் திறமை இல்லை.

குளக்கரைக்கு வருவோம். 15 மீட்டர் தள்ளி ஒரு சிறிய மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது. அலகு முதல் வால் வரை 17 செ.மீ. 300 மி.மீ. லென்ஸில் அதன் உருவம் 3.4 மி.மீ., சுமார் 1,000 பிக்சல். இறகில் 0.2 மி.மீ. அளவுள்ள நுணுக்கம்வரை பிடிபடும். 150 மி.மீ. லென்ஸில் 500 பிக்சல்தான். வெயிலில் எஃப்/6.7-இல், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 200 போதும். அதே பறவை மர நிழலுக்குள் போய்விட்டால் 3,200 வேண்டும், படத்தில் மணல் தூவியதுபோல் இரைச்சல் ஏறும். அகன்ற வாயின் அருமை தெரிவது நிழலில்தான்.

நடுங்கும் கை, நடுங்கும் காற்று

கை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால் 300 மி.மீ. லென்ஸில் உருவம் அரை மில்லிமீட்டர் நகர்கிறது. சென்சாரில் அது 150 பிக்சலுக்கு மேல். 25 மி.மீ. லென்ஸில் அதே அசைவு 13 பிக்சல்தான். கேமராவுக்குள் இருக்கும் கைரோஸ்கோப் இந்த அசைவை அளக்க, காந்தங்கள் சென்சாரை எதிர்த்திசையில் நகர்த்திச் சமன் செய்கின்றன. ஆனால் குவியத் தூரம் நீள நீளச் சென்சார் ஓட வேண்டிய தூரமும் நீள்கிறது. அது ஓடுவதற்குக் கேமராவுக்குள் இருக்கும் இடமோ கொஞ்சம். ஆகையால் நீண்ட டெலி லென்ஸில், லென்ஸுக்குள்ளேயே ஒரு கண்ணாடியை நகர்த்தும் நிலைப்படுத்தி இருந்தால் அது பெரிய பலம். உங்கள் கேமரா உடலில் நிலைப்படுத்தி இல்லையென்றால் லென்ஸில் கட்டாயம் இருக்க வேண்டும். எதுவானாலும் அது நிறுத்துவது நம் கையின் நடுக்கத்தை மட்டும்தான். பறவையின் சிறகை நிறுத்த ஷட்டர் வேகம்தான் வேண்டும்.

காற்றை நிறுத்த எந்த லென்ஸாலும் ஆகாது. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியைத் தாறுமாறாக வளைக்கிறது. நண்பகலில் வயல்வெளியைத் தாண்டி எடுத்த படம் தெளிவில்லாமல் இருந்தால் லென்ஸைக் குறை சொல்லக் கூடாது. அது கானல் செய்த வேலை. அதிகாலையில் அதே லென்ஸ் வேறு லென்ஸாகிவிடும்.

எதை வாங்குவது?

முதலில் எதை, எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பொருளின் அளவைக் குவியத் தூரத்தால் பெருக்கித் தொலைவால் வகுத்தால் உருவத்தின் அளவு வரும். அதை 13 மி.மீ. உயரத்தோடு ஒப்பிடுங்கள். தேர்த் திருவிழா, பிள்ளைகளின் விளையாட்டு, ஊர்ப் பயணம் இவற்றுக்கு 190 கிராம் எடையுள்ள 40-150 மி.மீ. எஃப்/4-5.6 ஜூம் தாராளம். நாட்டிய மேடை, நாடக மேடை என்றால் 150-க்கு மேல் தேவைப்படாது, வாய்தான் தேவை. 40-150 எஃப்/2.8 லென்ஸில் அது 54 மி.மீ., ட்ரைபாட் வளையம் இல்லாமல் எடை 760 கிராம். எப்போதாவது பறவை பார்க்கப் போகிறவருக்கு 75-300 சரியான இடைநிலை. வாரம் தவறாமல் ஏரிக்குப் போகிறவர் பானசோனிக்கின் 100-400 மி.மீ. எஃப்/4-6.3 வரை யோசிக்கலாம். வாய் 63 மி.மீ., எடை 985 கிராம். சிறிய கேமராவில் இதை மாட்டினால் பாரம் முழுக்க முன்னால் சாயும், இடது கையால் லென்ஸைத்தான் தாங்க வேண்டும்.

வாங்கும் முன் கடையில் ஜூமை முழு நீளத்துக்குத் திருப்பி, எதிர்ச்சாரிக் கடையின் பெயர்ப் பலகையை எடுத்து, திரையில் பெரிதாக்கி நடுவையும் ஓரத்தையும் பாருங்கள். ஜூம்கள் பெரும்பாலும் கடைசி முனையில்தான் மங்கும். நாம் அதிகம் பயன்படுத்தப் போவதும் அந்த முனையைத்தான்.

நிலாவுக்கும் மீன்கொத்திக்கும் கணக்கு ஒன்றுதான்: மேலே குவியத் தூரம், கீழே தொலைவு. மேலே இருப்பதை இரட்டிப்பாக்கப் பணம் வேண்டும், எடை சுமக்க வேண்டும், வாய் அகலாவிட்டால் ஒளியையும் இழக்க வேண்டும். கீழே இருப்பதைப் பாதியாக்கினாலும் உருவம் அதே இரட்டிப்புதான். கானலும் குறையும், கையின் நடுக்கமும் கூடாது. நிலாவிடம் அது நடக்காது. மீன்கொத்தியிடம் நடக்கும், கூடு கட்டும் காலத்தில் ஒதுங்கி நின்று மற்ற நாட்களில் பறவை மிரளாதபடி பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்தால். அந்தப் பொறுமையைக் கற்றுக்கொண்டவருக்கு 423 கிராம் லென்ஸே பல காலம் போதும்.