புளித்த மண்ணில் புல் வளர்ப்போம்

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் நிகழ்ந்த மண்சரிவும், அதன் பின் வந்தவையும் மலையகத்தில் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தன. பழைய தேயிலை நிலத்தில் குடியேறி, ஒரு பசுவை வைத்துப் பால் விற்றுப் பிழைக்க முயல்வோருக்காக இதனை எழுதுகின்றோம். நட்ட புல் குட்டையாகி மஞ்சளித்து நிற்கின்றதா? யூரியா இட்டும் பயனில்லையா? குறை உங்கள் உழைப்பில் அல்ல, மண்ணில் இருக்கலாம்.

காரணம் என்ன?

மலைநாட்டின் கடும் மழை மண்ணிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிச் செல்கின்றது. நெடுங்காலம் இட்ட யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் புளிப்பை மேலும் கூட்டுகின்றன. களியில் அலுமினியம் எப்போதும் உண்டு. சாதாரண மண்ணில் அது கரையாமல் அடங்கிக் கிடக்கும். மண்ணின் பி.எச். பெறுமானம் 5.5இற்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கும். 5இற்குக் கீழே மிகுதியாகக் கரைந்து வேரின் நுனியைத் தாக்கும். நுனி தடித்தால் வேர் நீளாது. நீரையும் பொசுபரசையும் அதனால் உறிஞ்ச முடியாது.

தேயிலை அலுமினியத்தைத் தாங்கும் செடி. எனவே தேயிலை செழித்த இடத்தில் எல்லாப் புல்லும் செழிக்கும் என எண்ணலாகாது.

எப்படி அறிவது?

ஒரு புற்குத்தைத் தோண்டி வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் கட்டையாக, கபில நிறமாக, மெல்லிய கிளைகள் இன்றி இருந்தால் ஐயப்படலாம். உறுதி செய்ய மண்ணைப் பரிசோதிக்க வேண்டும். விவசாயப் போதனாசிரியரிடம் வழி கேளுங்கள்.

என்ன இடலாம்?

1. டொலமைற்: இது புளிப்பைக் குறைத்து, கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தரும். அளவைப் பரிசோதனையே சொல்லும். ஹெக்ரயருக்கு 2 தொன் என்பது ஒரு பேர்ச்சுக்கு ஏறத்தாழ 5 கிலோ. புல் நடுமுன் மேல்மண்ணில் நன்கு கலக்க வேண்டும். மேலே தூவினால் ஆழத்திற்கு மெதுவாகவே இறங்கும்.

2. அடுப்புச் சாம்பல்: விறகுச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும்; ஆனால் டொலமைற்றின் வலிமை இதற்கில்லை. நனையாமல் சேமியுங்கள். பிளாஸ்ரிக் எரித்த சாம்பல் வேண்டாம்.

3. மாட்டெருவும் பசுந்தழையும்: உக்கும்போது உண்டாகும் சேதனப் பொருட்கள் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தெருவோரம் மஞ்சளாகப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தித் தழை இதற்கு மிக நல்லது.

4. எப்பாவல பாறைப் பொசுபேற்று: புளித்த மண்ணில் இது மெல்லக் கரைந்து பொசுபரசைக் கொடுக்கும். டொலமைற்றுடன் ஒன்றாக இட்டால் கரைவது குறையும்.

ஜிப்சம் புளிப்பைக் குறைக்காது. ஆழ்மண்ணின் அலுமினிய நச்சை மட்டும் தணிக்கும்.

கவனிக்க வேண்டியவை

டொலமைற்றையோ சாம்பலையோ யூரியாவுடனும் எருவுடனும் ஒரே நாளில் இடாதீர்கள். நைதரசன் ஆவியாகிப் போய்விடும். இரண்டு மூன்று கிழமை இடைவெளி விடுங்கள். தூவும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள். மழை பெய்து தூள் கழுவப்படும் வரை மாட்டை மேயவிட வேண்டாம். அளவுக்கு மிஞ்சி இட்டால் நாகம் போன்ற நுண்சத்துகள் பயிருக்குக் கிடையா. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மண்ணுக்கு இம்முறை வேண்டாம்; அங்கு புளிப்புப் பிரச்சினை இல்லை.

டொலமைற்றின் பயன் சில ஆண்டுகள் நீடிக்கும். உறுதி கிடைக்காத காணியில் கையிலுள்ள பணத்தைப் போடப் பலர் தயங்குவது நியாயமே. அத்தகையோர் காசு செலவில்லாத சாம்பலுடனும் எருவுடனும் இரண்டு பேர்ச்சில் தொடங்கட்டும். அருகே ஒரு பாத்தியை ஒன்றும் இடாமல் விட்டு, ஆறு மாதத்தின் பின் இரண்டிலும் வேரைத் தோண்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

விதைப்பவன் உவமையில் விதை ஒன்றுதான், நிலங்களே வேறு. நம் நிலத்தை நல்ல நிலமாக்கும் வேலை நம் கையில் இருக்கின்றது.