விண்டோஸ் 7-இல் பைதான்

வீட்டில் விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி நன்றாகத்தான் இருக்கிறது. பைதான் கற்கலாமே என்று 3.9 பதிப்பை இறக்கி நிறுவப் பார்க்கிறோம். விண்டோஸ் 8.1 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும் என்று சொல்லி நிறுவி நின்றுவிடுகிறது. ரேம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பைதான் தானாக எதையும் தொடுவதில்லை. கோப்பைத் திறக்க, திரையில் எழுத, எல்லாவற்றுக்கும் விண்டோஸிடம்தான் கேட்கிறது. நம் வீட்டு விசேஷத்துக்கு வரும் சமையல்காரர் நம் அடுப்பையும் பாத்திரத்தையும் கேட்டு வாங்கிச் சமைப்பதுபோல என்று வைத்துக்கொள்வோம். 3.9 கேட்கும் பாத்திரங்களில் சில, விண்டோஸ் 8 வந்தபோதுதான் வீட்டுக்குள் வந்தன.

பலரும் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. நிறுவியைத் தவிர்த்துவிட்டு, வேறு கணினியிலிருந்து பைதான் கோப்புறையை அப்படியே நகலெடுத்து ஓட்டுகிறார்கள். 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று பிழைச் செய்தி வருகிறது. கோப்புதானே இல்லை, கொண்டுவந்து போட்டால் சரியாகிவிடும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அது பெயரளவுக்குத்தான் கோப்பு. புதிய விண்டோஸில் அந்தப் பெயரைக் கேட்டதும், 'கெர்னல்பேஸ்' என்ற வேறொரு கோப்புக்குள் இருக்கும் வேலைக்காரப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். விண்டோஸ் 7-இன் கெர்னல்பேஸில் அந்தப் பகுதியே இல்லை. காலி அலமாரியில் 'மிக்சி' என்று சீட்டு ஒட்டி என்ன பயன்? அந்தக் கோப்பை முன்பின் தெரியாத தளங்களிலிருந்து இறக்கினால் கூடவே வைரஸும் வரலாம்.

ஏன் 3.9-இல் கோடு கிழித்தார்கள்? ஒரு புதிய பதிப்பு வெளிவரும்போது மைக்ரோசாஃப்ட் எந்த விண்டோஸ்களைப் பராமரிக்கிறதோ, அவற்றுக்கு மட்டுமே ஆதரவு என்பது பைதான்காரர்களின் விதி. விண்டோஸ் 7-க்குப் பராமரிப்பு நின்றது 2020 ஜனவரியில். 3.8 வந்தது 2019 அக்டோபரில், 3.9 வந்தது 2020 அக்டோபரில். நியாயமான விதி என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆகவே நமக்கு வேண்டியது 3.8.10. அந்த வரிசையில் நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு அதுதான். அதற்கு முன் சர்வீஸ் பேக் 1-உம், கேபி2533623 என்ற திருத்தமும் விண்டோஸில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வோம்.

விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு 3.4.4. அங்கே இன்னொரு கண்ணி உண்டு. பைதானுக்குத் துணைநூலகங்களைக் கொண்டுவரும் 'பிப்' என்ற கருவி அதோடு வருகிறதல்லவா, அது 7.1.2. எந்தப் பைதானுக்கு எது பொருந்தும் என்று பார்க்கும் பழக்கம் பிப்புக்கு 9-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதனால் வெறுமனே 'புதுப்பி' என்றால், 3.4-இல் ஓடவே ஓடாத புத்தம்புதுப் பிப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு முடங்கிவிடும். 19.1.1 என்று பதிப்பு எண்ணைச் சொல்லியே கேட்க வேண்டும். துணைநூலகங்களுக்கும் அப்படியே.