தறிக்கூடத்து இசைப் பேச்சு

பட்டு என்றவுடன் காஞ்சிபுரத்தை நினைப்பது நம்மவர் வழக்கம். காஞ்சிக்குத் தென்மேற்கே, கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணியும் பட்டுக்குப் பெயர் பெற்ற ஊரே. திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர்ப் பட்டுச் சேலைக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு. அவ்வூரில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆயினும், பட்டைப்பற்றி இன்று பேசப் போவதில்லை. அவ்வூர்த் தறிக்கூடம் ஒன்றில் மாலை நேரங்களில் இசையன்பர் சிலர் கூடிப் பேசிய பேச்சைப்பற்றியே சொல்ல விரும்புகிறேன். பொழுதுபோக்காகத் தோன்றிய அப்பேச்சு எனக்கு ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது.

1960களின் நடுப்பகுதி அது. நான் பள்ளி மாணவன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழித்தறி இருந்தது. தரையில் தோண்டிய குழியில் காலை விட்டு அமர்ந்து, மிதிகட்டையை மிதித்து, ஓடத்தை வீசி நெய்வார்கள். பட்டிழை மிக மெல்லியது. அதன் நிறமும் சரிகைக் கரையும் பிழையின்றித் தெரிய வேண்டுமானால் பகல் வெளிச்சம் வேண்டும். ஆகவே, பொழுது சாயும் வேளையில் தெருவெங்கும் தறியோசை ஓயும். அப்பொழுது ஒரு வீட்டில் மட்டும் வேறோர் ஓசை தொடங்கும். அது கிராமபோன் ஓசை.

அவ்வீட்டுக்காரரைத் தெருவில் எல்லாரும் பெரியப்பா என்றே அழைப்போம். அவருக்கு நாற்பது, ஐம்பது இசைத்தட்டுகள் சொந்தம். அவற்றைக் கேட்க மூவர் தவறாமல் வருவர். ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மற்றொருவர் பாவு புணைப்பவர். தறியில் முடிந்துபோன பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கி இணைப்பது அவர் தொழில். மூன்றாமவர் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் மைக் செட் வைத்து இசைத்தட்டுப் போடும் இளைஞர். திண்ணையோரம் அமர்ந்து கேட்பவன் நான்.

அந்தப் பெட்டியைப்பற்றி இக்கால மாணவர்கள் சிறிது அறிந்துகொள்வது நல்லது. ஒலியைப் பதிந்து மீண்டும் கேட்கும் கருவியை 1877-இல் எடிசன் அமைத்தார். அவர் உருளையில் ஒலியைப் பதிந்தார். 1887-இல் எமில் பெர்லினர் தட்டையான தட்டில் பதியும் முறையைக் கண்டார். அதுவே கிராமபோன். பாடுவோர் குரலின் அதிர்வு, தட்டின்மீது சுருள் சுருளாகச் செல்லும் நுண்ணிய பள்ளத்தில் அலையாக வெட்டப்பட்டிருக்கும். தட்டு சுழலும்போது அப்பள்ளத்தில் ஓடும் ஊசி அசையும். ஊசியோடு இணைந்த மெல்லிய தகடு அதிரும். அவ்வதிர்வே குழாய் வழியாகப் பெருகி நம் காதில் பாட்டாக விழும். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. சாவி கொடுத்தால் சுருள்வில் இறுகும். அது தளர்கையில் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். எஃகு ஊசி விரைவில் தேயுமாகையால் பக்கத்துக்குப் பக்கம் மாற்ற வேண்டும். ஊசி மாற்றும் உரிமையைப் பெரியப்பா எனக்குத் தந்திருந்தார். அதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சமன்று.

தட்டு எதனால் ஆனது? அரக்கினால் ஆனது. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பொருளை உருக்கித் தூய்மை செய்து, கல்மாவும் கரிப்பொடியும் கலந்து அழுத்திச் செய்தார்கள். உலகெங்கும் இசைத்தட்டுக்குச் செலவான அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்தே சென்றது. பாட்டுப் பதிவும் விரைவிலேயே இங்கு வந்துவிட்டது. 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்னும் பாடகியின் பாட்டைப் பதிந்தார். பாட்டு முடிந்ததும் அவ்வம்மையார் தம் பெயரை உரக்கச் சொல்வார். தட்டை அழுத்திச் செய்த தொழிற்சாலை ஜெர்மனியில் ஹனோவர் நகரில் இருந்தது. அங்குள்ளோர் எந்தத் தட்டு யாருடையது என்று அறிய அவ்வறிவிப்புத் துணைசெய்தது. 1908-இல் கல்கத்தாவிலேயே ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது. 1930களில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனம் ஓடியன் தட்டுகளைத் தமிழ்நாட்டில் பரப்பியது. பின்னாளில் படத்தயாரிப்பில் புகழ்பெற்ற ஏவி. மெய்யப்பன் அந்நிறுவனத்தை நடத்தியவர்களுள் ஒருவர்.

இனி, திண்ணைப் பேச்சுக்கு வருவோம். அங்கு ஓயாமல் நடந்த வழக்கு ஒன்று உண்டு. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடந்தான் பாடும். மூன்று நிமிடத்தில் பாட்டு அடங்குமா என்பதே வழக்கு.

“அடங்காது” என்பார் ஆசிரியர். அவர் மார்கழி தோறும் பேருந்தேறிச் சென்னை சென்று கச்சேரி கேட்டு வருபவர். சென்னையில் 1927-ஆம் ஆண்டு டிசம்பரில் காங்கிரசு மாநாட்டையொட்டி ஓர் இசை மாநாடு நடந்ததும், அதன் பயனாக 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியதும், தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டுமென்று 1943-இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்ததும் அவர் வாயிலாகவே நான் அறிந்த செய்திகள். கச்சேரியில் பாடகர் இராகத்தை விரிப்பார். அவையின் முகம் பார்த்து ஓரிடத்தில் நிற்பார். அன்று தோன்றிய கற்பனையைச் சேர்ப்பார். தட்டிலோ கடிகாரத்துக்கு அஞ்சி ஓடவேண்டும். இராக ஆலாபனை சுருங்கும், சங்கதிகள் குறையும், சில சமயம் தாளத்தின் வேகமும் கூடும். “இது பாட்டில்லை, பாட்டின் விலாசம்” என்பது ஆசிரியர் தீர்ப்பு.

பெரியப்பா உடன்படமாட்டார். நாகசுரச் சக்கரவர்த்தி எனப் புகழ்பெற்ற திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டை எடுத்து வைப்பார். கோயில் விழாக்களில் ஒரே இராகத்தை மணிக்கணக்கில் விரித்தவர் பிள்ளை. 1956-இல் அவர் மறைந்தார். “ஐயா, நீங்க மெட்ராசுக்குப் போய்க் கேட்டீங்க. தறியை விட்டுட்டு நான் எங்கே போவேன்? மூணு நிமிசமானாலும் அவர் மூச்சு என் வீட்டுக்கு வந்துச்சில்ல?” என்பார். ஆசிரியர் சற்று நேரம் பேசாதிருப்பார்.

இரண்டும் உண்மையே. தட்டு இசையைச் சுருக்கியது. அதே வேளையில் பரப்பியது. சபையில் சீட்டு வாங்க இயலாதவரும், ஊர்விட்டு ஊர் செல்ல இயலாதவரும், கோயில் வாசலில் ஒரு காலத்தில் நிற்கவும் இடம் பெறாதவரும் தட்டின் வழியாகப் பேரிசையைக் கேட்டனர். தட்டு வாங்க வசதியற்றவருக்கு மைக் செட் இருந்தது. ஆடித் திருவிழாவில் எந்தத் தட்டைப் போட்டால் கூட்டம் நின்று கேட்கும், எதற்குக் கலையும் என்று அவ்விளைஞர் சொல்லும் செய்திகள் சுவையானவை. திரைப்பாட்டுக்கு மட்டுமே கூட்டம் நிற்கும் என்பது தவறு என்று அவர் அடித்துச் சொல்வார். விடியற்காலையில் கே. பி. சுந்தராம்பாளின் குரல் எழுந்தால், கோலமிடும் பெண்கள் கை நிறுத்திக் கேட்பார்களாம்.

தட்டில் ஏறாத இசையும் அப்பேச்சில் இடம்பெறும். எங்கள் வட்டாரம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. செய்யாற்றை அடுத்த புரிசை ஊர்க் கூத்துமரபு நாடறிந்தது. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் முழங்க, ஒலிபெருக்கியின்றியே ஊர் முழுதும் கேட்கப் பாடும் கூத்தர் குரலைப் பாவு புணைப்பவர் அளந்து சொல்வார். அர்ச்சுனன் வேடக்காரர் இந்த ஆண்டு எந்த இடத்தில் சுதி இறங்கினார், சென்ற ஆண்டு அதே இடத்தை எப்படிக் கடந்தார் என்றெல்லாம் அவர் நினைவில் இருக்கும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயிரக்கணக்கான இழைகளுள் ஒன்று தவறினாலும் அவர் விரல் அறியும், காதும் அப்படியே.

தட்டு வாங்குவதும் ஒரு திருவிழாதான். பட்டுக் கூலி கைக்கு வந்த மறுநாள் பெரியப்பா வேலூருக்குப் புறப்படுவார். ஒருமுறை என்னையும் அழைத்துச் சென்றார். கடையில் தட்டைப் போட்டுக் கேட்ட பின்பே வாங்குவது வழக்கம். மூன்று தட்டுகளைக் கேட்டு ஒன்றை வாங்கினார். வழியெல்லாம் வாங்காத இரண்டைப்பற்றியே பேசிவந்தார்.

அவ்வாறு அருமையாக வாங்கிய தட்டுகளுள் ஒன்று என்னால் அழிந்தது. நாடக மேடையில் தமிழகத்தை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டு அது. செங்கோட்டையில் 1906-இல் பிறந்து, 1933-இல் இருபத்தேழாம் வயதிலேயே மறைந்த அப்பாடகரின் குரல் இசைத்தட்டுகளில்தான் எஞ்சியது. ஒருநாள் தட்டைத் துடைத்துத் திண்ணையில் வைத்தவன், உறையிலிட மறந்து விளையாடச் சென்றுவிட்டேன். சித்திரை வெயில். திரும்பி வந்தபோது தட்டு அப்பளம்போல் நெளிந்திருந்தது. அரக்கு வெப்பத்தில் இளகும் என்பதை அன்று அறிந்தேன்.

அழுதுகொண்டே நின்றேன். பெரியப்பா தட்டைக் கையிலெடுத்துப் பார்த்தார். அடிக்கவில்லை. “சரி, போனது போச்சு. இதை எத்தனை தடவை கேட்டிருப்பே?” என்றார். “ஐம்பது தடவை இருக்கும், பெரியப்பா” என்றேன். “அப்போ உள்ளே என்ன இருந்துச்சுன்னு சொல்லு.”

“நல்லா இருக்கும்” என்றேன். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

“நல்லா இருக்கும்னா அது உன்னைப் பத்தின சேதி, தம்பி. பாட்டைப் பத்திச் சொல்லு” என்றார்.

ஐம்பது முறை என் காதில் விழுந்த பாட்டை நான் ஒருமுறையும் கேட்கவில்லை என்று அப்போதுதான் உணர்ந்தேன். அன்று மாலை மற்றவர்கள் வந்தனர். தட்டில்லாமலே அப்பாட்டைப் பேசினர். எந்த அடியில் குரல் உச்சிக்குச் செல்கிறது, ஆர்மோனியம் எங்கே பின்தங்குகிறது, எந்தச் சொல் தேய்கிறது என்று மூவரும் ஒன்றொன்றாக அடுக்கினர். ஓரிடத்தில் பிணக்கு ஏற்பட்டது. உச்சிக்கு ஏறும் முன் பாடகர் மூச்சு வாங்கி நிற்கிறார் என்றார் பாவு புணைப்பவர். நிற்கவே இல்லை, ஒரே வீச்சு என்றார் ஆசிரியர். போட்டுப் பார்க்கத் தட்டில்லை. வழக்கு தீராமலே கலைந்தது.

காலம் மாறியது. 1948-இல் அமெரிக்காவில் வெளிவந்த நீளிசைத்தட்டு, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாடவல்லது. அது இங்கும் பரவியபோது மூன்று நிமிட வழக்கு ஓய்ந்தது. 1963-இல் தோன்றிய ஒலிநாடாப் பேழை பின்னர் எங்கள் தெருவுக்கு வந்தது. 1982-இல் குறுந்தகடு வந்தது. பழைய தட்டுகள் குவிந்துகிடந்த சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது. பெரியப்பா மறைந்தபின் அவர் தட்டுகள் பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போயின. நான் அப்போது வேற்றூரில் பணியிலிருந்தேன். ஒரு கடிதம் எழுதியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். எழுதத் தோன்றவில்லை.

இன்று கைப்பேசியில் கணக்கற்ற பாட்டுகள் கிடைக்கின்றன. பழைய தட்டுகளைத் தேடிக் காத்து வந்த சேகரிப்பாளர்களின் உழைப்பால் அந்நாளைய குரல்கள் பலவும் கணினி வழியாக மீண்டும் ஒலிக்கின்றன. தட்டின்மீது இளைஞருக்கு மீண்டும் ஆசை பிறந்திருக்கிறது. 1987-க்குப் பின் முதன்முறையாக 2022-இல் அமெரிக்காவில் குறுந்தகடுகளைவிட இசைத்தட்டுகள் மிகுதியாக விற்றன. மார்கழிக் கச்சேரிகளும் குறையவில்லை. 2017-இல் சென்னையை யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களுள் இசைக்குரியதாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே இசைக்குப் பஞ்சமில்லை. கேட்டதை மற்றொருவரிடம் எடுத்துச் சொல்லி, மறுப்புக்கு விடை தேடி மீண்டும் கேட்கும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அதே கிட்டப்பா பாட்டு என் கைப்பேசியில் அகப்பட்டது. ஊசியின் இரைச்சலோடு பாட்டு ஓடியது. வழக்கு நடந்த இடம் நெருங்கியபோது என் நெஞ்சு படபடத்தது. உச்சிக்கு ஏறும் முன் ஒரு நொடிக்கும் குறைவான நிறுத்தம். மெல்லிய ஒரு மூச்சு. பாவு புணைப்பவர் சொன்னதே சரி. அவரிடம் போய்ச் சொல்ல வழியில்லை. ஆசிரியரும் இல்லை, பெரியப்பாவும் இல்லை.

மாணவர்களே, உங்களுக்குப் பிடித்த பாட்டு எதுவாயினும் ஆகுக. கருநாடக இசையோ, கூத்துப் பாட்டோ, திரைப்பாட்டோ, மேனாட்டு இசையோ, எல்லாம் ஒன்றே. அதை ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள். பின் கருவியை நிறுத்திவிட்டு, அருகிலிருக்கும் நண்பரிடம் உள்ளே என்ன இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத இடத்தில் மீண்டும் கேளுங்கள். நண்பர் மறுத்தால் மகிழுங்கள். அந்த மூச்சு அங்கே இருந்ததென்று எனக்குத் தெரிந்தது, ஒருவர் அதை மறுத்ததனால்தான்.